துண்டு இல்லாத முழங்கால்

1. முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தேன். மாரி காலம். வாய்க்கால் கட்டு என்கிற மண்கரை முழுவதும் களிச் சேறு. நீர்ப்பாசனத் திணைக்களக் கந்தோரில் எனக்குக் கொடுத்த பதவிக்கு நியமனக் கடிதத்தில் நீளமான பெயர் ஒன்று இருந்தது. வயல் செய்கிறவர்கள் அதையெல்லாம் வாசிக்கவில்லை, 'துருசுக்காரன்' என்றே கூப்பிட்டார்கள். வாய்க்காலில் இருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற கதவுக்குத்தான் எங்கள் பக்கம் துருசு என்று பெயர். என் பொறுப்பில் பதினான்கு துருசு இருந்தன. காலையில் கந்தோர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நற்பிட்டிமுனைக்கு மேற்கே வாய்க்கால் கட்டில் ஏறி, கடைசித் துருசு வரை போய், கதவுகளைத் திறந்து அல்லது இறக்கி, அளவுப் பலகையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். போக வர இருபத்தெட்டு கிலோமீற்றர்.

அன்றைக்கு மூன்றாம் துருசுக்குக் கிட்ட ஒரு எருமை குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், சில்லு வழுக்கியது, நானும் சைக்கிளும் வாய்க்காலுக்குள் போனோம். வலது கணுக்கால் மடங்கிவிட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கந்தோருக்கு நொண்டி நொண்டி வந்தால், ஸ்டோர் கிளாக் முதலில் கேட்டது "சைக்கிளுக்கு என்னவும் நடந்ததா?" என்றுதான். முன் போர்க் வளைந்திருந்தது. அதைச் சைக்கிள் பதிவேட்டில் எழுதி என்னிடம் கையொப்பமும் வாங்கினார். என் கணுக்காலை அவர் பார்த்தார், பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. புது ஆள், இருபத்தேழு வயது, அடுத்த மாதம் மரதன் ஓடவேண்டும், கால் நோகுது என்று முதல் நாளே சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். அவர்கள் வாசிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுத்தில் கோபம் இருக்கும். அதை மறைத்து எழுத எனக்கு இனிப் பொறுமை இல்லை.

2. பரிசாரியின் கேள்வி

பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தே ஓடுகிறவன் நான். விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டுக் கல்முனைக்குடிக் கடற்கரையில் வெறுங்காலோடு ஓடுவேன், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போவேன். ஆறு கிலோமீற்றர் மணல், அதற்குப் பிறகு இருபத்தெட்டு கிலோமீற்றர் களி. இதை இருபத்தைந்து வருடம் இரண்டு கால் தாங்கியது என்றால், அந்தக் கால்களுக்கு நான் செய்த அநியாயத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எங்கள் திணைக்களத்தில் வருடா வருடம் விளையாட்டு மீற் நடக்கும். மரதன், பத்தாயிரம் மீற்றர், சைக்கிள் ஓட்டம். மூன்றிலும் நான் நிற்பேன். வெல்கிற ஒவ்வொரு சான்றிதழையும் போட்டோக்கொப்பி எடுத்து, "சேர், இதை என்ட பேர்சனல் பைல்ல போடுங்க" என்று கிளாக்கிடம் கொடுப்பேன். விளையாட்டுக்காரனுக்குப் பதவி உயர்வில் முன்னுரிமை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு முன்னுரிமையை நான் கடைசி வரை காணவில்லை. ஆனால் பைல் மட்டும் நன்றாகக் கொழுத்தது. ஓய்வு பெறுகிற நேரத்தில் அதில் பதினொரு சான்றிதழ் இருந்தது.

காயங்கள் வேறு கணக்கு. முதலில் கணைக்கால் எலும்பில் நோவு வந்தது, தார் ரோட்டில் கன்வஸ் சப்பாத்தோடு ஓடியதால். காலையில் கட்டிலை விட்டு இறங்கக் காலை நிலத்தில் வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். இரண்டு மாதம் பழைய சாரத்துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். பிறகு ஒரு றமழானில், நோன்பு திறக்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது ஓடப் போனேன். ஓடி முடிய மஃரிப் பாங்கு சொல்லும், உடனே தண்ணீர் குடிக்கலாம் என்பது எங்கள் கணக்கு. இந்த ஊரில் ஓடுகிற எல்லாரும் றமழானில் அப்படித்தான் ஓடுவோம், அதில் ஒரு பெருமையும் உண்டு. காலையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காத உடம்பு. தொடைக்குப் பின்னால் தசை படாரென்று அறுந்த மாதிரி இருந்தது. மணலில் விழுந்து கிடந்தேன். தோணி இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள்தான் என்னைத் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் நான் போனது அலியார் பரிசாரியிடம். முறிவு, சுளுக்குப் பார்க்கிற நாட்டு வைத்தியர். நல்ல மனிதர், கைராசிக்காரர், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆஸ்பத்திரிக்குப் போனால் வாட்டில் மறித்து வைப்பார்கள், பிளாஸ்டர் போடுவார்கள், ஆறு கிழமை அசையாதே என்பார்கள். பரிசாரி அப்படியில்லை. எண்ணெய் பூசி, மருந்து அரைத்து வைத்து, மூங்கில் சிம்பு கொடுத்துச் சீலையால் கட்டுவார். கட்ட முன்னர் ஒரு கேள்வி கேட்பார்.

"எப்ப மனே ஓடணும்?"

நான் சொல்கிற திகதிக்கு ஏற்றமாதிரி அவர் கட்டை அவிழ்ப்பார். வேறு எந்த டொக்டர் இப்படிக் கேட்பார்? அதற்காகவே அவரிடம் போனேன். அவர் எழுத்து ஒன்றும் தரமாட்டார். நானும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாதிரி நோய் எழுதிய துண்டு ஒன்று என்னத்துக்கு என்று நினைத்தேன்.

நோவை மறைப்பதில் நான் நல்ல கெட்டிக்காரன். கூட்டம் நடந்தால் எல்லாருக்கும் முதல் போய்க் கதிரையில் இருந்துவிடுவேன், எல்லாரும் எழும்பிப் போன பிறகுதான் எழும்புவேன். படி இறங்கும்போது யாராவது பின்னால் வந்தால் நின்று வழிவிடுகிற மாதிரிச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். கூட ஓடுகிறவனுக்கு நம் கால் நோவது தெரிந்தால் அன்றைக்கே அவன் பாதிப் போட்டியை வென்றுவிட்டான். அதனால் சிரித்துக்கொண்டே நிற்போம். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கும் கொண்டுபோனேன், கந்தோருக்கும் கொண்டுபோனேன்.

3. ஒன்பதாம் துருசு

என் நாற்பதாவது வயதில் நடந்தது இது. ஒன்பதாம் துருசில் கதவைத் தூக்க, மேலே போட்டிருந்த பலகையில் ஏறி நின்று இரும்புத் தண்டைச் சுற்ற வேண்டும். பலகை உக்கிப்போயிருந்தது. மாற்றித் தாருங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். வயலுக்குத் தண்ணீர் விடுகிற முதல் கிழமை, வீரமுனைப் பக்கத்து விவசாயிகள் கட்டில் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் தண்டைச் சுற்றினேன், பலகை முறிந்தது. வலது கால் உள்ளே போய், முழங்கால் கொங்கிறீற் விளிம்பில் அடிபட்டு முறுகியது. முறுகும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

விவசாயிகள் இரண்டு பேர் என்னை இழுத்தெடுத்து வாய்க்கால் கட்டில் இருத்தினார்கள். கந்தோருக்கு ஆள் போய், எங்கள் மேலதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். தொழில்நுட்ப உதவியாளர், நாங்கள் ரீ.ஏ. சேர் என்போம். கையில் ஒரு சோடாப் போத்தல். எனக்குக் குடிக்கத் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார். முறிந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜுனைதீன், உண்மையச் சொல்றன். நீ எழுதித் தந்த கடிதம் மூண்டும் என்ட மேச லாச்சிக்குள்ளதான் கிடக்கு. மேலுக்கு அனுப்பல்ல. எக்ஸிடன்ட் புத்தகத்தில இதப் பதிஞ்சா விசாரண வரும், நான் மாட்டுவன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் மூணு கிழமையில மீற். ஆஸ்பத்திரித் துண்டோட வந்தா உன்ன ஓட விட எனக்கு ஏலாது. பரிசாரிக்கிட்டப் போ. லீவ நான் பார்த்துக்கிறன்" என்றார்.

இதை நான் பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்ட எல்லாரும் ரீ.ஏ. சேரைத்தான் ஏசுவார்கள். நானும் கூடச் சேர்ந்து ஏசுவேன். ஆனால் அவர் என்னை வற்புறுத்தவில்லை. விசாரணை என்று அவர் சொன்னது என் காதில் அரைவாசிதான் விழுந்தது. மீற் என்ற சொல் முழுதாக விழுந்தது. அந்த வருடம் பத்தாயிரம் மீற்றரில் என்னை வெல்ல ஆள் இல்லை என்று ஊரே கதைத்துக்கொண்டிருந்தது.

"ஓம் சேர், ஓடுவன்" என்றேன்.

பன்னிரண்டாம் நாள் பரிசாரியின் கட்டை நானே அவிழ்த்தேன். மீற் அன்று முழங்காலைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஓடினேன். முதலாம் இடம். ரீ.ஏ. சேர் மைதானத்துக்குள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். கப்பைக் கந்தோர் அலுமாரியில் வைத்தார்கள். மறுநாள் முழங்கால் தென்னங்குரும்பை அளவுக்கு வீங்கியது. ஒரு மாதம் கழித்து வீக்கம் இறங்கியது, நோவு இறங்கவில்லை. அதோடு நான் ஓடுவதை விடவும் இல்லை. அடுத்த வருடமும் ஓடினேன், அதற்கடுத்த வருடமும் ஓடினேன். சான்றிதழ்களைப் பைலில் போடக் கொடுத்தேன்.

4. கடிதம் கேட்டுப் போனது

ஐம்பத்தாறு வயதில் அந்தக் காலை மடித்தால் நோவு தாங்க முடியாமல் போனது. ஓட்டத்தை அதற்கு நான்கு வருடம் முதலே விட்டிருந்தேன். சைக்கிளை விட முடியாது, அதுதானே சோறு. இடது காலால் மிதித்து, வலது காலைப் பெடலில் சும்மா வைத்துக்கொண்டு போவேன். தொழுகையில் ஸுஜூதில் இருந்து எழும்ப முடியாமல் பள்ளிவாசலில் கதிரை எடுத்தேன். முதல் நாள் கதிரையில் இருந்து தொழுதபோது, பக்கத்தில் நெற்றியை நிலத்தில் வைத்தவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் உயரத்தில் இருந்தேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள் கீழே ஸுஜூதில். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு காலம் ஓடியதெல்லாம் இந்தக் கதிரைக்குத்தானா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

கந்தோரில் லைட் டியூட்டி என்று ஒன்று உண்டு. வேலையில் காயப்பட்டவனுக்கு வெளிவேலை கொடுக்காமல், கந்தோரில் இருத்தி நீர்மட்டப் பதிவேடு எழுத விடுவார்கள். எனக்கு மிச்சம் இருந்தது நான்கு வருடம். அந்தக் கதிரை கிடைத்தால் கால் தப்பும், இல்லாவிட்டால் நான்கு வருடம் கட்டில் மிதித்துக் காலை முழுதாக முடித்துக்கொள்ள வேண்டியதுதான். விண்ணப்பித்தேன். வேலையில்தான் காயப்பட்டீர்கள் என்பதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார்கள். எக்ஸிடன்ட் புத்தகத்தைப் பிரட்டினார்கள். என் பெயர் எங்கும் இல்லை. ஆஸ்பத்திரித் துண்டு கேட்டார்கள், அதுவும் இல்லை. சாட்சி சொல்ல அலியார் பரிசாரியும் உயிரோடு இல்லை, மௌத்தாகி எட்டு வருடம்.

ரீ.ஏ. சேர் ஓய்வு பெற்றுச் சம்மாந்துறையில் மகளோடு இருந்தார். அவரைத் தேடிப் போனேன். பார்த்ததும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தார். பிளேன்ரீ வந்தது. தன் மருமகனிடம் என்னைக் காட்டி, இவர் ஓடினா மற்றவன் தூசிதான் தின்னணும் என்றார். அந்தப் பத்தாயிரம் மீற்றரைச் சுற்றுச் சுற்றாக வர்ணித்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வந்த விசயத்தைச் சொன்னேன். ஒன்பதாம் துருசில் பலகை முறிந்தது வேலை நேரத்தில்தான் என்று ஒரு கடிதம், நாலு வரி போதும் என்றேன்.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்தார்.

"நான் இப்ப எழுதினா, அண்டைக்கு ஏன் எழுதல்ல எண்டு கேப்பாங்க. இந்த வயசில என்னக் கந்தோர் கந்தோரா இழுக்கப் போறியா ஜுனைதீன்?"

பிறகு, "நீதானே அண்டைக்கு ஓடுவன் எண்டு சொன்ன" என்றார்.

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஸலாம் சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். வாசல்படியில் இறங்க அவர் மருமகன் கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே இறங்கினேன்.

5. குந்தி எழும்புங்க

கடைசியாக மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரி. என் மனைவி மிஸ்ரியாவும் கூட வந்தாள், அவளை வெளியில் வாங்கில் இருக்கச் சொன்னார்கள். உள்ளே மூன்று டொக்டர்மார். நடுவில் இருந்தவர் ஒரு பெண், என் மகளின் வயதுதான் இருக்கும், நல்ல தமிழ் கதைத்தார். என் பைலைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பிரட்டினார். மரதன், பத்தாயிரம், சைக்கிள். முப்பது வருடப் பைலில் என் உடம்பைப் பற்றி இருந்த தாளெல்லாம் அந்தப் பதினொன்றுதான், பதினொன்றும் நான் சுகதேகி என்று சொல்லின. காயப்பட்டதாகச் சொல்கிற வருடத்திலேயே முதலாம் இடம்.

"விளையாட்டால வந்த தேய்மானம் எண்டுதானே மற்றவங்க சொல்லுவாங்க" என்றார். நான் பலகைக் கதையைச் சொன்னேன். அவர் கேட்டார், நம்பினார் என்றே நினைக்கிறேன். பைலை மூடி ஒரு பக்கம் வைத்தார்.

"சரி, துண்டு இல்லாட்டியும் பரவாயில்ல. கால் இப்ப எப்படி இருக்கெண்டு பார்ப்பம். அத வச்சு நான் எழுதலாம். குந்தி எழும்புங்க, ஏலுமான அளவுக்கு."

அல்லாஹ் எனக்குத் திறந்துவிட்ட கதவு அது. நான் பாதியில் நின்றால் போதும். ஆ என்று ஒரு சத்தம் போட்டால் போதும். அது நடிப்புக் கூட இல்லை, உண்மை.

அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற பியோன், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொடியன், என்னை அடையாளம் கண்டு, "மேடம், இவர் அந்த நாளையில மரதன் சம்பியன்" என்றான். மூன்று டொக்டர்மாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் பேனையை வைத்துவிட்டு என் காலையே பார்த்தார்.

நான் குந்தினேன். முழுதாகக் குந்தினேன். முழங்காலுக்குள் கத்தி இறக்கின மாதிரி இருந்தது. பல்லைக் கடித்தேன், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, கையை ஊன்றாமல் எழும்பினேன். யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு தடவை செய்தேன். பியோன் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினான். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக இருந்தது. வெட்கம் கெட்ட மனது.

"நோகுதா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்ல மேடம்."

அவர் எழுதாமல் என் முகத்தைப் பார்த்தார். "உண்மையாவா?"

"சின்ன நோவுதான். பழகிட்டு" என்றேன்.

அவர் எழுதினார். கால் பூரணமாக அசைகிறது, வெளிவேலைக்குத் தகுதி.

வெளியில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முதுகும் நாரியும் வேர்த்து நனைந்திருந்தது. மிஸ்ரியா ஓடிவந்து பிடித்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்த பிடியை விட்டாள்.

"பள்ளியில கதிர போட்டுத் தொழுற மனிசன். டொக்டருக்கு முன்னால குந்தி எழும்பினீங்களா? எவன் கப் தாறான் எண்டு?"

திரும்ப உள்ளே போய் உண்மையைச் சொல்லுங்கள் என்று என்னைத் தள்ளினாள். போகத்தான் திரும்பினேன். கதவடியில் அந்தப் பியோன், நல்ல பிள்ளை, என் கையைக் குலுக்கி, அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்று கூப்பிட்டு, இந்த வயதிலும் என்ன மாதிரி உடம்பு என்றான். அவனைத் தாண்டிப் போய், நான் சொன்னது பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றேன்.

6. பிறகு

நான்கு வருடமும் மிதித்தேன். பதினான்கு துருசும், மாரியும், களியும். ரீ.ஏ. சேரை ஏசினேன், திணைக்களத்தை ஏசினேன், என் பைலில் இருந்த சான்றிதழ்களைக் கிழிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஓய்வு பெற்ற அன்று பிரியாவிடையில் மாலை போட்டு, ஒரு நாளும் சுகயீன லீவு எடுக்காத ஊழியர் என்று புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன், நிற்க முடியாமல்தான் நின்றேன்.

வாய்க்கால் கட்டில் வேலை செய்கிற, கடற்கரையில் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பரிசாரியிடம் போங்கள், எண்ணெய் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் அதற்கு முதல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துண்டு எடுங்கள். விழுந்த அன்றே புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், மேலதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. எழுத்து இல்லாத காயத்தைக் கந்தோர் காயமாக எடுக்காது. இவ்வளவுதான் சொல்ல நினைத்திருந்தேன். போன கிழமைக்குப் பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன கிழமை எலும்பு டொக்டரிடம் போனோம். முழங்காலை மாற்ற வேண்டும் என்கிறார்கள், அதற்குப் பெயர் பதிய வேண்டும். டொக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முழங்காலில் கையை வைத்து மெதுவாக அமத்தினார். நோவில் உயிர் போனது.

"நோகுதா ஐயா?" என்றார்.

நான் சிரித்தேன். எனக்கு முன்னால் மைதானமும் இல்லை, கூட ஓடுகிறவனும் இல்லை. இருந்தாலும் என் வாய் 'இல்ல' என்றுதான் திறந்தது.

மிஸ்ரியா என் தோளில் கையை வைத்து என்னை அடக்கிவிட்டு, டொக்டரைப் பார்த்து, "நோகுது டொக்டர். இருவது வருசமா நோகுது. எழுதுங்க" என்றாள்.

நோகுது, எழுதுங்க என்கிற அந்தச் சொல்லை ஒன்பதாம் துருசடியில், அவளுக்கு முதல், நான் சொல்லியிருக்க வேண்டும்.